பத்து கணக்கையும் ஒரே ரகமா போடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கல்வி இணைப்புல தினமும் வர்ற பத்து கணக்கு பகுதிய நான் தவறாம பாக்கறவன். பரீட்சை எழுதற வயசெல்லாம் தாண்டியாச்சு, இருந்தாலும் கைல பேனா இருந்தா பேப்பர் ஓரத்துலயே போட்டு பாத்துடுவேன். போன வாரம் அதே பக்கத்துல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, வெளிநாட்டுல மேற்படிப்புக்கு எழுதற ஜி.ஆர்.இ., ஜிமேட் மாதிரி தேர்வுக்கு தயாராகறவங்க ஒரு நாளைக்கு குறைஞ்சது 100 கணக்கு போடணும், முப்பது நாள்ல 3000 போட்டா பயமே இல்லன்னு. அத படிச்சதுலேர்ந்து எனக்கு இருப்பு கொள்ளல, ஏன்னா அந்த 3000 கணக்க நான் போட்டு பாத்தவன், அது என்ன பண்ணும்னு எனக்கு தெரியும்.

என் அக்கா பையன் இப்ப ஜி.ஆர்.இ.க்கு படிச்சிட்டு இருக்கான். உங்க கட்டுரைய போட்டோ எடுத்து அனுப்பி, "மாமா நான் 120 போடறேன்"னு பெருமையா ஒரு மெசேஜ் வேற. அன்னிக்கி ராத்திரி போன் பண்ணி, சரிடா நேத்து போட்டதுல எத்தன தப்பு, அதுல ஏதாவது ஒரு கணக்க எனக்கு சொல்லுன்னு கேட்டேன். முப்பது முப்பத்தஞ்சு தப்பாச்சு மாமா, கணக்கு ஞாபகம் இல்ல, ஆனா ஆன்சர் பாத்தேன் புரிஞ்சுடுச்சு, அடுத்ததுக்கு போயிட்டேன்னான். புரிஞ்சுடுச்சுன்னு சொல்றான் பாருங்க, அங்கதான் எல்லா வினையும்.

நானும் அப்படித்தான். வேலைக்கு போயிட்டே ஜி.ஆர்.இ.க்கு படிச்சேன், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும், அந்த ரெண்டு மணி நேரத்துல எத்தன கணக்கு முடிச்சேன்னு ஒரு காலண்டர்ல எழுதி வெப்பேன். அம்பது, அறுபது, எண்பதுன்னு நம்பர் ஏற ஏற சந்தோஷம். தேர்வ நடத்தற ஈ.டி.எஸ். தனியா போட்டிருக்கற கணக்கு புத்தகத்துல இருக்கறதே 150 கேள்விதான், வெர்பல்னு சொல்ற ஆங்கிலப் பகுதிக்கும் அதே மாதிரி 150, அத ரெண்டு வாரத்துல ஊதி தள்ளிட்டேன். இலவசமா ரெண்டு பவர்பிரெப் மாதிரி தேர்வு கிடைக்கும், அதையும் ஒரே சனி ஞாயிறுல எழுதி தீத்துட்டேன், சும்மா எப்படி இருக்குன்னு பாக்கலாமேன்னு. அப்பறம் மூணு மாசம் கைல நல்ல சரக்கே இல்ல. யார் யாரோ போட்ட கேள்விங்கள தேடி தேடி போட்டேன், பாதிக்கு மேல அசல் தேர்வு மாதிரியே இருக்காது, ஒண்ணு பக்கம் பக்கமா பெருக்கல் வகுத்தல், இல்லன்னா கேள்வியே தப்பு. கடைசி வாரத்துல மறுபடி பவர்பிரெப் எழுதினா அதே கேள்விங்க, பாதிக்கு பதில் ஞாபகத்துலயே இருந்துச்சு, ஸ்கோர் எகிறிடுச்சு, நானும் ஆஹான்னு நம்பிட்டேன். உண்மையான தேர்வுல கணக்குல 157. ஸ்கேல் 130லேர்ந்து 170 வரைக்கும், அதனால 157 மட்டமான மார்க்குன்னு சொல்லல, ஆனா மூவாயிரம் கணக்கு போட்டவனுக்கு அது கூலியே இல்ல.

ரெண்டாவது தடவ போட்ட கணக்கு மொத்தமா தொள்ளாயிரத்து சொச்சம்தான். வந்தது 165. மூளை ஒண்ணும் ரெண்டு மடங்கு ஆகிடல, கணக்க செலவு பண்ற விதத்த மட்டும்தான் மாத்துனேன்.

முதல்ல நான் விட்ட பழக்கம் என்னன்னா, தப்பான உடனே விளக்கத்த திறந்து படிக்கறது. படிச்சா எல்லாமே புரியும் சார், அடுத்தவன் போட்ட கணக்கு யாருக்குதான் புரியாது. ஒரு உதாரணம் சொல்றேன். ஜி.ஆர்.இ.ல ரெண்டு அளவ பக்கத்துல பக்கத்துல வெச்சு எது பெருசுன்னு கேப்பான். எக்ஸ் பூஜ்யத்த விட பெருசு, இந்தப் பக்கம் எக்ஸ் ஸ்கொயர், அந்தப் பக்கம் வெறும் எக்ஸ். நான் 2 போட்டேன், 4 வந்துச்சு, 3 போட்டேன், 9 வந்துச்சு, அப்ப ஸ்கொயர்தான் பெருசுன்னு டிக் பண்ணிட்டு போயிட்டேன். ஆனா எக்ஸ் 1ன்னா ரெண்டும் சமம், அரைன்னா ஸ்கொயர் கால்தான், சின்னதாயிடும், அதனால சரியான பதில் 'சொல்ல முடியாது'ங்கறது. விளக்கத்த படிச்சப்ப சே இது கூட தெரியலையான்னு தலைல அடிச்சுக்கிட்டு அடுத்ததுக்கு போனேன். மூணு நாள் கழிச்சு இதே விஷயம் வேற வேஷத்துல வந்துச்சு, மறுபடி முழு எண்ண மட்டும் போட்டு பாத்துட்டு மறுபடி தப்பு. ரெண்டாவது தடவ தயாரானப்ப ஒரு நோட்டு போட்டேன், தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே ஒரு வரி, கணக்க எழுதறதில்ல, 'எத முதல்ல பாத்திருக்கணும்'ங்கறத மட்டும். ஒரு மாசம் கழிச்சு புரட்டுனா 'பின்னம் போட்டு பாக்கல' அப்படின்னு ஒன்பது இடத்துல இருக்கு. ஒன்பது தடவ! அந்த ஒத்த வரிதான் எனக்கு ஒன்பது கணக்க விட பெரிய பாடம், மூவாயிரம் போட்டப்ப இது என் கண்ணுல படவே இல்ல.

இப்ப என்ன பண்றதுன்னா, தப்பானா விளக்கத்த திறக்காம இன்னும் பத்து நிமிஷம் உக்காரணும், கடிகாரத்த ஓரமா வெச்சுட்டு. அப்பவும் வரலன்னா விளக்கத்துல முதல் வரிய மட்டும் பாத்துட்டு கைய வெச்சு மறைச்சுக்கணும், பெரும்பாலும் அந்த ஒரு வரியே போதும், மிச்சம் தானா வரும். இன்னொண்ணு, குருட்டாம்போக்குல போட்டு சரியா வந்தது இருக்கு பாருங்க, அதுதான் நம்மள நல்லா ஏமாத்தும். கணக்கு போடும்போதே சந்தேகமா டிக் பண்ணதுக்கு பக்கத்துல ஒரு புள்ளி வெச்சிடணும், சரியா வந்தாலும் அதையும் தப்பு கணக்குல சேத்து பாக்கணும். எனக்கு ஆரம்பத்துல 20க்கு 14 வந்தா அதுல அஞ்சு புள்ளி இருக்கும், அப்ப நிஜமா தெரிஞ்சது ஒன்பதுதான். கசப்பாதான் இருக்கும், அதுக்காக கணக்குல வெக்காம விட முடியுமா.

இப்படி பாத்தா ஒரு நாளைக்கு 15, மிஞ்சி போனா 20 கணக்குக்கு மேல போகவே போகாது. ஒரு மணி நேரம் போட்டா, அத திருப்பி பாக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல ஆகும். என் அக்கா பையன் இத கேட்டுட்டு, வெறும் 15ஆ மாமா, என் கூட படிக்கறவன்லாம் நூறு போடறான்னான். அவன் போடட்டும்டா, அவன் தப்ப அவன் திருப்பி பாக்கறானான்னு கேளுன்னேன்.

அடுத்த விஷயம்தான் உங்க பகுதி சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். நீங்க திங்கள்னா சதவீதம் பத்து, செவ்வாய்னா வட்டி பத்து, புதன்னா வேகமும் தூரமும் பத்துன்னு போடறீங்க. புதன்கிழமை பேப்பர திறக்கறவனுக்கு கேள்விய படிக்கறதுக்கு முன்னாடியே என்ன சூத்திரம்னு தெரிஞ்சு போச்சு. போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழில திரும்பும்போது 60, மொத்தத்துக்கு சராசரி வேகம் என்னன்னு கேட்டிருந்தீங்க, 50ன்னு சொல்லாம 48ன்னு சரியா போட்டுட்டான், ஏன்னா அதுக்கு மேல இருந்த மூணு கணக்கும் அதே வித்தைதான். ரெண்டு வாரம் கழிச்சு பரீட்சைல முக்கோணத்துக்கும் நிகழ்தகவுக்கும் நடுவுல இதே கணக்கு ஒத்தையா வந்து நின்னா 50ன்னு டிக் பண்ணுவான், சந்தேகமே வேணாம். பரீட்சை கேக்கற பாதி விஷயம் இது என்ன மாதிரி கணக்குன்னு கண்டுபிடிக்கறதுதான், அத தலைப்புலயே சொல்லி குடுத்துட்டா அந்த பாதிய யாரும் பழகறதே இல்ல.

இது என் சொந்த சரக்கு மட்டும் இல்ல. சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துல டக் ரோரர், கெல்லி டெய்லர்னு ரெண்டு பேர் 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கல்லூரி பசங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத நாலு வடிவத்தோட கன அளவு கண்டுபிடிக்க சொல்லி குடுத்தாங்க, ஒரு கூட்டத்துக்கு ஒரே வடிவமா வரிசையா கணக்கு, இன்னொரு கூட்டத்துக்கு அதே கணக்குங்கள கலைச்சு போட்டு. பயிற்சி பண்ணும்போது வரிசையா போட்டவங்க 89 சதவீதம் சரி, கலைச்சு போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு தேர்வு வெச்சா வரிசைக்காரங்க 20 சதவீதம், கலைச்சவங்க 63. இந்த நாலு நம்பர நான் அக்கா பையனுக்கு எழுதியே அனுப்புனேன், அதுல 89ங்கறத மட்டும் நல்லா பாத்துக்கோடா, தினமும் உனக்கு கிடைக்கற சந்தோஷம் அந்த 89தான், பரீட்சைக்கு உன் கூட வர்றது அந்த 20னு. கலைச்சு போட்டா தினமும் மட்டமா போடற மாதிரிதான் தோணும், அந்த தோணல தாங்கிக்கணும், வேற வழி இல்ல. ஆனா ஒண்ணு, புதுசா ஒரு பாடம் ஆரம்பிக்கற முதல் ரெண்டு நாள் மட்டும் அதே ரகமா பத்து பன்னெண்டு போட்டு கை பழகிக்கறது தப்பில்ல, சூத்திரமே தெரியாதவன் கலைச்சு போட்டு என்ன பண்ணுவான். கை பழகுன உடனே பழைய பாடங்களோட கலந்துடணும்.

இடைவெளி விடறதும் அப்படித்தான். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், 1885லயே தன்னையே வெச்சு சோதனை பண்ணி எழுதியிருக்கார், அர்த்தமில்லாத 12 அசை கொண்ட ஒரு வரிசைய ஒரே மூச்சா 68 தடவ படிச்சா கிடைக்கற பலன், மூணு நாளா பிரிச்சு 38 தடவ படிச்சாலே கிடைச்சுடுதுன்னு. கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சம். நான் பண்ணது ரொம்ப சாதாரணம், தப்பான கணக்க மூணு நாள் கழிச்சு வெறும் பேப்பர்ல புதுசா போடுவேன், சரியா வந்தா பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவ, அப்பவும் சரின்னா அத விட்டுடுவேன், எப்ப தப்பாகுதோ அப்ப மறுபடி மூணு நாள்லேர்ந்து. கணக்கு நம்பரையும் தேதியையும் நோட்டுல எழுதி வெச்சா போதும், போன் ஆப் கீப்பெல்லாம் வேணாம். பதில் ஞாபகம் இருக்குமே அப்பறம் என்ன பிரயோஜனம்னு கேப்பாங்க. பதில் ஞாபகம் இருந்தா இருக்கட்டும், அந்த பதிலுக்கு எப்படி வந்தோம்னு பக்கத்துல இருக்கறவனுக்கு சொல்ற மாதிரி சொல்ல முடியுதான்னு பாருங்க, பாதி நேரம் வாய் திக்கும்.

கடிகாரம் பத்தி உங்க கட்டுரைல முதல் நாள்லேர்ந்தே ஸ்டாப்வாட்ச் வெச்சு ஒவ்வொரு கணக்கையும் போடணும்னு இருந்துச்சு. எனக்கு இது ஒத்துக்கல. சரியா போடவே தெரியாத கணக்க வேகமா போட பழகினா வேகமா தப்பு பண்ணதான் வரும். முதல் ஒரு மாசம் கடிகாரமே வேணாம். அப்பறம் வெக்கும்போதும் ஒத்த கணக்குக்கு வெக்காம ஒரு செட்டுக்கு வெக்கணும், ஏன்னா பரீட்சை அப்படித்தான் குடுக்குது. 2023 செப்டம்பர்ல ஜி.ஆர்.இ.ய சுருக்கிட்டாங்க, மொத்தமே 1 மணி 58 நிமிஷம், கணக்குல முதல் பிரிவு 12 கேள்வி 21 நிமிஷம், ரெண்டாவது 15 கேள்வி 26 நிமிஷம், வெர்பல் 12க்கு 18 நிமிஷம், 15க்கு 23. பழைய புத்தகம் வெச்சிருக்கறவங்க 20 கேள்வி 35 நிமிஷம்னு போட்டிருக்கேன்னு குழம்ப வேணாம், வகுத்து பாத்தா ரெண்டுலயும் ஒரு கணக்குக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம்தான். ஆனா இந்த ஒண்ணே முக்கால்ங்கறது சராசரி, ஒரு கணக்கு 40 செகண்ட்ல முடியும், இன்னொண்ணு மூணு நிமிஷம் இழுக்கும், ஒவ்வொண்ணுக்கும் பீப் பீப்னு மணி அடிச்சா லேசான கணக்குல மிச்சம் பிடிக்கற பழக்கமும் வராது, கஷ்டமானத விட்டுட்டு நகர்ற தைரியமும் வராது. 12 கணக்க எடுத்து வெச்சு 21 நிமிஷம் ஓட விட்டு, ஆறு முடியறப்ப பத்து நிமிஷம் சொச்சத்துல இருக்கோமான்னு ஒரே ஒரு தடவ மணிய பாத்தா போதும். ஜி.ஆர்.இ.ல பிரிவுக்குள்ள மார்க் பண்ணி வெச்சுட்டு திரும்ப வரலாம், தப்புக்கு மார்க் குறைக்கறதும் இல்ல, அதனால எதையும் காலியா விடக்கூடாது. இப்ப இருக்கற ஜிமேட்ல நிலவரமே வேற, கணக்குக்கு 21 கேள்வி 45 நிமிஷம், பதில் போடாம அடுத்த கேள்விக்கு போக முடியாது, பிரிவு முடிவுல மூணு பதில் வரைக்கும் மாத்திக்கலாம், அவ்வளவுதான். அப்ப அதுக்கு படிக்கறவன் வீட்லயும் விட்டுட்டு போற பழக்கத்த வெச்சுக்காம, ஏதோ ஒண்ண தேர்ந்தெடுத்துட்டு மனச விட்டு நகர பழகணும். எந்த தேர்வோ அதோட விதிப்படிதான் பயிற்சி செட்டும் இருக்கணும், இத உங்க கட்டுரை ஒரு வரி கூட சொல்லல.

முழு மாதிரி தேர்வ பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஆரம்பத்துல நாம எங்க நிக்கறோம்னு பாக்க ஒண்ணு, அதோட சரி. மத்ததெல்லாம் கடைசி நாலு வாரத்துக்கு, வாரத்துக்கு ஒண்ணு, நிஜ தேர்வு எத்தன மணிக்கோ அதே நேரத்துல, நடுவுல எழுந்திருக்காம, ஏன்னா இப்ப இருக்கற ஜி.ஆர்.இ.ல இடைவேளைன்னு ஒண்ணு கிடையாது. எழுதுன மறுநாள் புதுசா ஒரு கணக்கும் கிடையாது, முந்தின நாள் எழுதுனத திருப்பி பாக்கறது மட்டும்தான். கடைசி மாதிரி தேர்வுக்கும் நிஜ தேர்வுக்கும் நடுவுல ஒரு அஞ்சாறு நாளாவது இருக்கட்டும், அந்த நாள்ல நோட்டுல இருக்கற ஒத்த வரிங்கள படிச்சாலே நேரம் சரியா இருக்கும்.

ஜி.ஆர்.இ.ல மார்க் குறைஞ்சவங்க 21 நாள் கழிச்சு மறுபடி எழுதலாம்னு விதி இருக்கு, 12 மாசத்துல அஞ்சு தடவ வரைக்கும். இந்த 21 நாள பாத்த உடனே நம்மாளுங்க 22வது நாளுக்கு புக் பண்ணிட்டு அந்த மூணு வாரத்துல ரெண்டாயிரம் கணக்குன்னு கிளம்பிடறாங்க. முதல் தடவ மார்க் வந்தப்ப நானும் அப்படித்தான் புக் பண்ண போனேன், அக்காதான் திட்டி நிறுத்துனா, நல்லவேளை. அப்பறம் அஞ்சு மாசம் கழிச்சுதான் எழுதுனேன், அதுலயும் வாரத்துல ஒரு நாள் புத்தகத்த தொடவே இல்ல.

சரி, உங்ககிட்ட கேக்க வந்தது இதுதான் சார். பகுதிய நிறுத்த சொல்லல, அது நல்ல பகுதி. பத்து கணக்கையும் பத்து ரகமா கலந்து போடுங்க, மேல தலைப்பு வேணாம். அதுல ஒரு கணக்கு மூணு வாரத்துக்கு முன்னாடி போட்டதா இருக்கட்டும், நம்பர மட்டும் மாத்தி. விடைய அதே பக்கத்துல தலைகீழா அச்சடிக்கறத விட்டுட்டு மறுநாள் பேப்பர்ல போடுங்க, தலைகீழா இருந்தா என்ன, பேப்பர திருப்ப எத்தன நேரம் ஆகும், நானே திருப்பியிருக்கேன். இடம் இல்லன்னா பத்த எட்டா குறைச்சுக்கோங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டோம். அக்கா பையன் நேத்து மெசேஜ் பண்ணான், 18 போட்டேன் மாமா, ஏழு புள்ளின்னு. கூடவே நோட்ட போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான், முதல் வரியே 'கேள்வி என்ன கேட்டுச்சுன்னு படிக்கல'ன்னு இருந்துச்சு.

இப்படிக்கு,
பேப்பர் ஓரத்துல கணக்கு போடற உங்க வாசகன்